காப்புச் சட்டகம் இல்லாத பழைய டிராக்டர்: பொருத்துவதா, மாற்றுவதா, வேலையை வாடகை வண்டிக்கு விடுவதா, நிறுத்தி வைப்பதா?

நன்றாக ஓடுகிற, ஆனால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் எதுவும் இல்லாத பழைய டிராக்டரை வைத்திருப்பவர்கள் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். எஞ்சினில் குறை இல்லை. வாங்கிய கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதன் ஒவ்வொரு ஓசையும் கைக்கும் காதுக்கும் பழகியிருக்கிறது. எங்கோ ஒரு டிராக்டர் கவிழ்ந்து ஓட்டியவர் இறந்தார் என்ற செய்தி வரும்போதுதான் வீட்டில் பேச்சு தொடங்குகிறது. ஒருவர் புதிய வண்டி வாங்கலாம் என்கிறார், இன்னொருவர் சட்டகம் மட்டும் பொருத்தினால் போதும் என்கிறார், மூன்றாமவர் உழவையே வாடகை வண்டிக்காரரிடம் விட்டுவிடலாம் என்கிறார். எதுவும் முடிவாகாமல் அடுத்த பருவம் தொடங்க, அதே வண்டி அப்படியே மறுபடியும் வயலில் இறங்குகிறது. இந்தக் கட்டுரை அந்தத் தயக்கத்தில் இருப்பவர்களுக்காக எழுதப்படுகிறது.

நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறேன்: இருக்கும் வண்டிக்கே சட்டகமும் சீட் பெல்ட்டும் பொருத்துவது, சட்டகமோ கேபினோ உள்ள வண்டிக்கு மாறுவது, வேலையை வாடகை வண்டிக்காரரிடம் ஒப்படைப்பது, பழைய வண்டியை நின்ற இடத்து வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. எது நல்லது என்று பார்ப்பதற்கு முன், எதற்கு நல்லது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், கவிழ்வு. டிராக்டர் கவிழ்வதைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: "சாயத் தொடங்கினால் குதித்துவிடுவேன்." பின்பக்கம் கவிழும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பது புரியும். சேற்றில் புதைந்த பின்சக்கரம் சுழல முடியாமல் நிற்கும்போது, அல்லது அச்சுக்கு மேலான இடத்தில் சங்கிலியைக் கட்டி மரக்கட்டை ஒன்றை இழுக்கும்போது, எஞ்சினின் விசை சக்கரத்தைச் சுழற்ற முடியாமல் வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. முன்சக்கரம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து, திரும்பக் கீழே இறக்க முடியாத நிலையை எட்டுவதற்கு ஏறத்தாழ முக்கால் வினாடிதான் ஆகும். முழுவதும் கவிழ்ந்து முடிவதற்கு ஒன்றரை வினாடி. மனிதர் ஒருவர் ஆபத்தை உணர்ந்து காலைக் கிளச்சுக்குக் கொண்டுபோக எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட அந்த முக்கால் வினாடியேதான். அனுபவம் உள்ளவர் தப்பிவிடுவார் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

பக்கவாட்டில் கவிழ்வது இதைவிட அதிகமாக நடப்பது. வாய்க்கால் கரையோரம் மண் சரிவது, சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கச் சக்கரம் கல்லில் ஏறுவது, வண்டியின் முன்னால் மாட்டிய சுமை தூக்கும் முன்லோடரை உயர்த்தியபடியே திரும்புவது, சாலையிலிருந்து வேகத்தைக் குறைக்காமல் வயல் பாதைக்குத் திரும்புவது எல்லாம் இதற்குக் காரணங்கள். இவற்றில் வேகத்தின் பங்கைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரே வளைவை இரு மடங்கு வேகத்தில் எடுத்தால் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும்.

இரண்டாவது, சாலை. வயலில் இருக்கும் ஆபத்து ஓட்டுநரின் கையில் பெரும்பாலும் அடங்கியது. சாலையில் அது முன்பின் தெரியாத ஒருவரின் கவனத்தில் இருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டரை நோக்கி, பின்னால் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே 100 மீட்டர் இருந்தால் அந்த இடைவெளி ஐந்தரை வினாடியில் தீர்ந்துவிடும். கார் ஓட்டுபவர் எதிரே தெரிவது மெதுவாகப் போகும் வண்டி என்பதை உணர்வதற்கே அதில் ஒரு பகுதி போய்விடுகிறது. அந்தி நேரத்தில், விளக்கில்லாத டிரெய்லரில் மண் படிந்த பிரதிபலிப்பான் மட்டுமே இருந்தால், உணர்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

மூன்றாவது, சுழலும் பாகங்களும் வண்டியைச் சுற்றி நிற்பவர்களும். எஞ்சினின் விசையை மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு, பெல்ட், பின்னோக்கி நகரும் சக்கரம், மட்கார்டில் உட்கார்ந்து வரும் பிள்ளை ஆகியவை எல்லாம் இந்த வகை. நான்காவது, பணத்தில் தெரியாத செலவு: காத்திருக்கும் நாட்கள், கற்றுக்கொள்ளும் காலம், வரப்பையும் கொட்டகையையும் மாற்றியமைக்கும் உழைப்பு. ஐந்தாவது, ஓட்டுபவரின் பழக்கம். இதைக் கடைசியில் சொன்னாலும், வாங்கிய பாதுகாப்பு வேலை செய்யுமா செய்யாதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

## வழி 1: பழைய வண்டிக்கே சட்டகம் பொருத்துதல்

பேச்சு வழக்கில் ரோல் பார் என்று சொல்லப்படும் இந்தக் காப்புச் சட்டகம், வண்டி கவிழாமல் தடுப்பதில்லை. கவிழ்ந்த வண்டியின் எடை ஓட்டுநரின் மேல் இறங்காதபடி அவரைச் சுற்றி ஓர் இடத்தை விட்டுவைப்பதே அதன் வேலை. இரண்டு தூண் சட்டகம் உள்ள வண்டி பெரும்பாலும் பக்கவாட்டில் சாய்ந்து 90 பாகையில் நின்றுவிடுகிறது, உருண்டு தலைகீழாவது குறைகிறது. ஆனால் அந்தக் காப்பான இடத்துக்குள் ஓட்டுநர் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. சீட் பெல்ட் அணியாதவர் தூக்கி எறியப்பட்டு, தன்னைக் காக்க வேண்டிய சட்டகத்தின் அடியிலேயே சிக்கிவிடலாம். ஆகவே சட்டகமும் பெல்ட்டும் ஒரே பொருளின் இரண்டு பாதிகள்.

சட்டகம் எவ்வளவு காக்கும் என்பதற்கு ஸ்வீடன் நல்ல சான்று. அந்நாட்டில் 1959-இல் புதிய டிராக்டர்களுக்குச் சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது, பின்னர் பழைய வண்டிகளுக்கும் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. 1950-களின் இறுதியில் ஒரு லட்சம் டிராக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 17 என்றிருந்த கவிழ்வு மரணங்கள் 1990 வாக்கில் 0.3 என்ற அளவுக்கு இறங்கின. வேளாண் கருவிகளில் ஒரே ஒரு பொருள் இவ்வளவு உயிர்களைக் காத்ததற்கு இணையான எடுத்துக்காட்டு எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. இந்தக் கட்டுரையில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் வண்டியின் மாதிரிக்குப் பொருந்தும், சோதிக்கப்பட்ட சட்டகம் கிடைக்குமானால், மற்ற வழிகளை யோசிப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

"சோதிக்கப்பட்ட" என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். உள்ளூர்ப் பட்டறையில் இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்துத் தரச் சொல்வது இயல்பாகத் தோன்றும் யோசனை, செலவும் குறைவு. ஆனால் உண்மையான சட்டகம் வெறும் வலுவான இரும்பு அல்ல. கவிழும்போது வரும் ஆற்றலை, முறியாமல் ஓரளவு வளைந்து உள்வாங்கிக்கொள்ளும்படி அது வடிவமைக்கப்படுகிறது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி.யின் டிராக்டர் சோதனை விதி 4, பன்னாட்டுத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 5700 போன்ற தரங்கள் இந்த வளைவையும் தாங்குதிறனையும் அளந்தே சான்று தருகின்றன. பட்டறைச் சட்டகம் மிகவும் விறைப்பாக இருந்தால் அச்சில் பொருத்திய போல்ட்டோ அச்சின் உறையோ உடையும், மெலிவாக இருந்தால் மடங்கும். எப்படியானாலும், பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையை மட்டும் கொடுத்து, அந்த நம்பிக்கையில் மேலும் சரிவான இடத்துக்கு ஓட்டுநரைப் போகச் செய்யும். சான்று பெற்ற சட்டகத்திலும் விளக்கு மாட்ட ஓட்டை போடுவதோ, எதையாவது பற்றவைப்பதோ அதன் வலுவைக் கெடுத்துவிடும். ஒருமுறை கவிழ்ந்த வண்டியின் சட்டகம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றப்பட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் சில உண்டு. மிகப் பழைய மாதிரிகளுக்குச் சட்டகம் தயாரிக்கப்படுவதே இல்லை. அமெரிக்காவில் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களில் சட்டகத்தைத் தயாரிப்பாளர்கள் பொதுவழக்காக்கியது 1985-இல்தான், அதற்கு முந்தைய வண்டிகளில் பலவற்றின் அச்சு உறை அத்தகைய சுமையைத் தாங்கவே வடிவமைக்கப்படவில்லை. பழைய இருக்கையில் பெல்ட் மாட்டும் இடம் இல்லாவிட்டால் இருக்கையையும் மாற்ற நேரும். கிளை தாழ்ந்த தோட்டத்திலும் உயரம் குறைந்த கொட்டகையிலும் சட்டகம் இடிக்கும், அங்கே மடக்கக்கூடிய வகை தேவைப்படும். மடக்கும் வகையின் சிக்கல், மடக்கியதை மறுபடி நிமிர்த்த மறப்பது. மடக்கிய சட்டகம் எதையும் காக்காது. அந்த நிலையில் பெல்ட்டும் அணியக் கூடாது, ஏனெனில் காப்பு இடம் இல்லாத வண்டியோடு ஓட்டுநரைக் கட்டிவைப்பதாகிவிடும். தாழ்ந்த இடத்தைக் கடந்த உடனே இறங்கி நிமிர்த்துவது தினமும் ஒரு நிமிட வேலைதான், ஆனால் அதைத் தினமும் செய்யக்கூடியவரா நீங்கள் என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செலவில் உதவி கிடைக்கும் இடங்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய திட்டம், சட்டகம் பொருத்தும் விவசாயிக்குச் செலவில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தது. 2017 முதல் அது அமெரிக்கா முழுவதற்குமான திட்டமாக விரிந்தது. எந்த நாட்டில் இருந்தாலும், வேளாண் துறையிடமும் காப்பீட்டாளரிடமும் இப்படி ஏதேனும் இருக்கிறதா என்று கேட்காமல் இந்த வழியை "செலவு அதிகம்" என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

சட்டகம் சாலை ஆபத்தை அதிகம் குறைப்பதில்லை. பழைய விளக்கும் தேய்ந்த பிரேக்கும் அப்படியேதான் இருக்கும். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர், சட்டகம் பொருத்தும் அதே நாளில் பின்விளக்கு, இண்டிகேட்டர், டிரெய்லரின் பிரதிபலிப்பான்கள், மெதுவாகச் செல்லும் வண்டிக்குரிய முக்கோணச் சின்னம் ஆகியவற்றையும் சேர்த்துச் செய்தால்தான் வேலை முடிந்ததாகும். ஒளிரும் ஆரஞ்சு நடுப்பகுதியும் சிவப்புப் பிரதிபலிப்பு விளிம்பும் கொண்ட அந்தச் சின்னம் 1960-களின் தொடக்கத்தில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் குறைவாகச் செல்லும் வண்டிகளுக்காக உருவாக்கப்பட்டது. ஆரஞ்சு நிறம் பகலுக்கு, சிவப்பு விளிம்பு இரவுக்கு. வெயிலில் வெளுத்த சின்னம் பகல் வேலையைச் செய்யாது, சேறு பூசியது இரவு வேலையைச் செய்யாது.

## வழி 2: சட்டகமோ கேபினோ உள்ள வண்டிக்கு மாறுதல்

எல்லா அளவுகோல்களிலும் ஓரளவு மேம்பாடு தருவது இந்த வழி. கவிழ்வுக் காப்பு தயாரிப்பிலேயே இருக்கும். விளக்குகள், பிரேக், இருக்கையில் ஆள் இல்லாதபோது பி.டி.ஓ.வை நிறுத்தும் அமைப்பு, கியரில் இருக்கும்போது எஞ்சின் தொடங்காதபடி தடுக்கும் சுவிட்ச் ஆகியவை பல வண்டிகளில் வருகின்றன. கேபின் உள்ள வண்டியில் காதுக்கும் நன்மை உண்டு. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் எல்லை, கேபின் இல்லாத பழைய டிராக்டர் சுமையோடு ஓடும்போது அதை எளிதில் தாண்டிவிடும். பல ஆண்டுகள் ஓட்டியவர்களுக்குக் காது மந்தமாவதை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்காமல் போவது அதன் விளைவுதான்.

ஆனால் புதிய வண்டி புதிய ஆபத்துகளையும் கொண்டுவருகிறது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. முதலாவது, வேகம். பழைய வண்டியில் 20 கிலோமீட்டரில் சென்றவர் புதியதில் 40 கிலோமீட்டரில் போகலாம். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும், வளைவில் தள்ளும் விசையும் நான்கு மடங்காகும், ஆனால் பின்னால் மாட்டியிருப்பது அதே பழைய, பிரேக் இல்லாத டிரெய்லராக இருக்கும். பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை டிராக்டரின் எடையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது, அதை இழுத்துக்கொண்டு 32 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பல கையேடுகளில் காணப்படும் உச்ச வரம்பு. இறக்கத்தில் அதற்கும் குறைவாகவே இருக்க வேண்டும். வண்டியை மாற்றிவிட்டு டிரெய்லரை மாற்றாமல் விடுபவர், வாங்கிய பாதுகாப்பில் பாதியைச் சாலையில் இழக்கிறார்.

இரண்டாவது, எடையும் அகலமும் உயரமும். பழைய வண்டியைத் தாங்கிய வாய்க்கால் கரையும் சிறு பாலமும் புதியதைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கரை விளிம்பிலிருந்து குறைந்தது வாய்க்காலின் ஆழத்துக்குச் சமமான தூரம் தள்ளி ஓட்ட வேண்டும் என்பது நல்ல விதி. கனமான வண்டிக்கு அதைவிட அதிகமாகவே விட வேண்டும். கேபினின் உயரம் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிக்கு அருகே கொண்டுபோகும். மூன்றாவது, கேபினுக்குள் இருக்கிறோம் என்ற எண்ணத்தில் பெல்ட்டை மறப்பது. கேபினும் ஒரு காப்புச் சட்டகம்தான், அதற்கும் பெல்ட் வேண்டும்.

பழைய வண்டியை என்ன செய்வது என்பதும் இந்த வழியின் மறைந்த பகுதி. சட்டகம் இல்லாமல் அதை விற்றால் ஆபத்தை இன்னொருவர் வயலுக்கு அனுப்புகிறோம். பெரும்பாலும் வாங்குபவர் நம்மைவிடப் பணம் குறைந்தவராகவும், சரிவான நிலம் வைத்திருப்பவராகவும் இருப்பார். சட்டகம் பொருத்திவிட்டு விற்பது, அல்லது உதிரிபாகங்களாகப் பிரித்துக் கொடுப்பது என்ற இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம்.

## வழி 3: வாடகை வண்டிக்காரரிடம் ஒப்படைத்தல்

ஆண்டில் சில நாட்கள் மட்டுமே உழவும் அறுவடையும் இருப்பவர்களுக்கு இது கணக்கில் எளிதாக வருவது. வண்டியின் பராமரிப்பு உங்கள் தலையில் இல்லை. தினமும் ஓட்டுபவர் ஓட்டுகிறார். வயதானவர்கள் உள்ள குடும்பத்தில், ஓட்டுவதை விட்டுவிட மனம் வராதவருக்கு மரியாதையோடு ஓய்வு கொடுக்கும் வழியாகவும் இது அமையும்.

எடைபோட வேண்டிய மறுபக்கம் இரண்டு. ஒன்று நேரம். மழைக்கு முன் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி தேவைப்படும், உங்கள் முறை இரவு பத்து மணிக்கு வரலாம். பதினான்கு மணி நேரமாக இருக்கையில் இருப்பவர், பழக்கமில்லாத நிலத்தில், இருட்டில் ஓட்டுவார். இரண்டு, உங்கள் நிலத்தை அவருக்குத் தெரியாது. எந்த வரப்பு உள்ளே நீர் ஊறி இளகியிருக்கிறது, புல் மூடிய பழைய கிணறு எங்கே, எந்த மூலையில் மின்கம்பி தாழ்ந்திருக்கிறது என்பதெல்லாம் உங்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. வாடகை வண்டிக்கு விட்டால் பொறுப்பும் போய்விடுகிறது என்று நினைப்பது தவறு. வண்டி இறங்குவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் அவரோடு நிலத்தைச் சுற்றி நடந்து, ஆபத்தான இடங்களில் துணி கட்டிய குச்சிகளை நட்டு வைக்க வேண்டியது நிலத்துக்காரரின் வேலை. பெரிய இயந்திரம் வந்தால் பிள்ளைகள் பார்க்கக் கூடுவார்கள், அவர்களைத் தள்ளி நிறுத்துவதும் உங்கள் வேலைதான், இருக்கையில் உள்ளவருக்குப் பின்பக்கம் தெரியாது.

வாடகைக்கு எடுப்பதற்கு முன் அவருடைய வண்டியைப் பார்க்கத் தயங்க வேண்டாம். சட்டகம் உண்டா, பி.டி.ஓ. தண்டுக்கு மூடி உண்டா, பின்விளக்கு எரிகிறதா என்ற மூன்றும் பார்த்த உடனே தெரிபவை. மூன்றில் எதுவும் இல்லாத வண்டியை வரவழைத்தால், உங்கள் ஆபத்தை இன்னொருவர் மேல் மாற்றியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

## வழி 4: நின்ற இடத்து வேலைக்கு மட்டும்

நீர் இறைக்க, தீவனம் வெட்ட, கதிரடிக்க என்று பழைய வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி எஞ்சினாக மட்டும் பயன்படுத்துவது, செலவே இல்லாத வழி என்று தோன்றும். நகராத வண்டி கவிழாது, சாலைக்கும் போகாது. முதல் இரண்டு அளவுகோல்களில் இது முழு மதிப்பெண் பெறுகிறது.

மூன்றாவதில்தான் சிக்கல். வழக்கமான பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்கிறது, அதாவது ஒரு வினாடிக்கு ஒன்பது சுற்று. ஏழரை சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டில் துணியின் நுனி மாட்டினால், ஒரே வினாடியில் இரண்டு மீட்டருக்கு மேல் சுற்றிக்கொள்ளும். கையை இழுத்துக்கொள்ள நேரம் இல்லை, கத்தினால் வண்டியை நிறுத்த அருகில் ஆளும் இருக்காது. நின்ற இடத்து வேலையில்தான் மனிதர்கள் தண்டுக்கு மிக அருகில், மிக நீண்ட நேரம், தளர்ந்த உடையோடு நடமாடுகிறார்கள். பழைய வண்டிகளில் தண்டின் மூடி எப்போதோ உடைந்து கழற்றி எறியப்பட்டிருக்கும். மூடியைத் திரும்பப் பொருத்தாமல் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பது ஓர் ஆபத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதாகும். தண்டைத் தாண்டிக் காலெடுத்து வைக்காமல் சுற்றிப் போவதும், எதைச் சரிசெய்வதானாலும் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின் தொடுவதும் கட்டாயம்.

பழைய வண்டிகளுக்கே உரிய இன்னொரு கொடிய பழக்கமும் உண்டு. ஸ்டார்ட்டர் சரியாக வேலை செய்யாதபோது, தரையில் நின்றபடியே திருப்புளியால் இரண்டு முனைகளை இணைத்து எஞ்சினைத் தொடக்குவது. வண்டி கியரில் இருந்திருந்தால், தொடங்கிய கணமே நகர்ந்து, பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர் மேல் ஏறிவிடும். இருக்கையில் உட்கார்ந்தே தொடக்குங்கள். முடியாவிட்டால் ஸ்டார்ட்டரைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியைத் தொட வேண்டாம்.

இந்த வழியின் மிகப் பெரிய மறைந்த செலவு, "இன்று ஒரு நாள் மட்டும்" என்ற சொல். புதிய வண்டி பழுதாகி நிற்கும் நாளில், அல்லது வாடகைக்காரர் வராத நாளில், பழையது மறுபடியும் வயலில் இறங்கும். அந்த ஒரு நாள் பெரும்பாலும் அவசரமும் சோர்வும் சேர்ந்த நாளாகத்தான் இருக்கும். உண்மையாகவே நிறுத்த நினைப்பவர் இழுவைக் கொக்கியைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை நகர்த்துவதே பெரிய வேலையாகும்படி செய்துவிட வேண்டும். நீர் இறைப்பது மட்டும்தான் தேவை என்றால், மின் மோட்டாரோ தனி எஞ்சினோ அதே வேலையைக் குறைந்த ஆபத்தில் செய்யும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சட்டகம் பொருத்துதல் | வண்டியை மாற்றுதல் | வாடகை வண்டிக்கு விடுதல் | நின்ற இடத்தில் மட்டும் |
|---|---|---|---|---|
| கவிழ்வு | பெல்ட்டோடு சேர்ந்தால் மிக நல்ல காப்பு | மிக நல்ல காப்பு, பெல்ட் இங்கும் தேவை | வருகிற வண்டியைப் பொறுத்தது | ஆபத்து இல்லை, நகர்த்தாத வரை |
| சாலை | விளக்கும் சின்னமும் தனியே செய்ய வேண்டும் | நல்ல விளக்கு, ஆனால் அதிக வேகம் | உங்கள் சாலை நேரம் குறைகிறது | ஆபத்து இல்லை |
| சுழலும் பாகங்கள் | மாற்றம் இல்லை | ஓரளவு மேம்பாடு | பார்த்து உறுதிசெய்ய வேண்டும் | இதுவே முதன்மை ஆபத்து |
| மறைந்த செலவு | இருக்கை, உயரம், மாதிரி கிடைக்காமை | டிரெய்லர், பாலம், பழையதன் கதி | காத்திருப்பு, இரவு வேலை | விதிவிலக்காகும் நாட்கள் |
| பழக்கம் | பெல்ட், மடக்கியதை நிமிர்த்துதல் | பெல்ட், வேகக் கட்டுப்பாடு | நிலத்தைக் காட்டிக் கொடுத்தல் | மறுபடி ஓட்டாமல் இருத்தல் |

## யாருக்கு எது

சரிவான நிலம், வாய்க்கால் கரை, குளக்கரை இவற்றில் உங்கள் வேலை நேரத்தின் பெரும்பகுதி போகிறது, வண்டியின் மாதிரிக்குச் சட்டகமும் கிடைக்கிறது என்றால் முதல் வழிதான். இங்கே புதிய வண்டிக்காகப் பணம் சேரும் வரை காத்திருப்பது சரியான சிக்கனம் அல்ல, காத்திருக்கும் ஒவ்வொரு பருவமும் காப்பில்லாத பருவம்.

சமதளமான நிலம், ஆனால் நிலங்கள் சிதறிக் கிடப்பதால் தினமும் வேகமான வண்டிகள் ஓடும் சாலையில் சுமையோடு போக வேண்டும் என்றால் இரண்டாவது வழிக்கு வலு கூடுகிறது. அதுவும் பிரேக் உள்ள டிரெய்லரோடு சேர்த்து வாங்கினால் மட்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதாவிட்டால், குதிரைத்திறன் குறைந்த வண்டியும் நல்ல டிரெய்லருமே சரியான தேர்வு. பெரிய வண்டியும் பழைய டிரெய்லரும் அல்ல.

வண்டிக்குச் சட்டகம் கிடைக்கவில்லை, வேலை ஆண்டில் சில நாட்கள்தான், அல்லது ஓட்டுபவருக்குக் கண், காது, காலின் விரைவு ஆகியவற்றில் ஏதேனும் குறைந்திருக்கிறது என்றால் மூன்றாவது. நான்காவது வழியைத் தனித்து யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. மற்ற மூன்றில் ஒன்றைச் செய்த பிறகு, பழைய வண்டி மிஞ்சியிருந்தால், தண்டுக்கு மூடி போட்டுச் செய்யத் தக்கது அது.

எந்த வழியானாலும் மாறாத ஒன்று உண்டு. ஓர் இருக்கை உள்ள வண்டியில் ஓர் ஆள்தான். சட்டகம் பொருத்திய வண்டியின் மட்கார்டில் உட்காரும் பிள்ளைக்கு அந்தச் சட்டகம் எந்தக் காப்பும் தராது, சிறு குழியில் குலுங்கினாலே அவர் விழுவது பின்சக்கரத்தின் முன்னால்தான். ஆட்களை ஏற்றிச் செல்ல வடிவமைக்கப்படாத வேளாண் இயந்திரங்களை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2001-ஆம் ஆண்டு 184-ஆவது உடன்படிக்கையும் தனியே குறிப்பிடுகிறது.

## முடிவெடுக்கும் வரை

சட்டகம் வந்து சேர, கடன் கிடைக்க, வாடகைக்காரரைப் பேசி முடிக்க வாரங்களும் மாதங்களும் ஆகும். அதுவரை அந்த வண்டியை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சில மாற்றங்களை நாளைக் காலையே செய்துவிடலாம். பின்சக்கரங்களின் இடைவெளியைக் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு அகலப்படுத்துங்கள். எதை இழுத்தாலும் பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டும் மாட்டுங்கள், கருவியை மேலே பிடிக்கும் டாப் லிங்கிலோ அச்சிலோ சங்கிலி கட்ட வேண்டாம். சேற்றில் புதைந்தால் முன்னோக்கி முடுக்காமல் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள், வராவிட்டால் இன்னொரு வண்டியை அழையுங்கள். மேட்டில் ஏற வேண்டிய குறுகிய இடங்களில் பின்னோக்கி ஏறி, முன்னோக்கி இறங்குங்கள். இந்த வண்டியில் சீட் பெல்ட் இருந்தாலும், சட்டகம் இல்லாதவரை அதை மாட்ட வேண்டாம்.

சாலைக்கு வருவதற்கு முன் இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் இணைக்கும் கொக்கியை மாட்டுங்கள். வயலில் தனித்தனியாக வைத்திருந்ததை மறந்து சாலையில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழன்றுவிடும். வயலுக்குள் திரும்பப் போகிறீர்கள் என்றால், பின்னால் வருபவர் நீங்கள் வழிவிடுவதாக எண்ணி முந்தத் தொடங்கியிருக்கலாம். இண்டிகேட்டரை முன்கூட்டியே போட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே திருப்புங்கள். அந்திக்குப் பின் சாலையில் போவதை, நாளை காலைக்குத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். தனியாகப் போகும் நாளில் எந்த நிலத்துக்கு, எந்த வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் கடந்தால் தேடி வர வேண்டியவர் யார் என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி கருவிப்பெட்டியில் வேண்டாம், சட்டைப் பையில் இருக்கட்டும்.